பட்டயம் யார் கையில்? அமெரிக்கச் சிறு பள்ளி ஒன்றின் முன்வரலாறு

அமெரிக்காவின் ‘சார்ட்டர்’ பள்ளிகளைப் பற்றி நம் கல்வித் துறைக் கருத்தரங்குகளில் இரு விதமான பேச்சு கேட்கிறது. அவை தனியார்மயத்தின் முகமூடி என்பது ஒன்று. தளர்ந்துபோன அரசுப் பள்ளிகளுக்கு மாற்று என்பது மற்றொன்று. இரண்டும் இன்றைய தோற்றத்தைக் கண்டு எழுந்த முடிவுகள். பிறப்பை நோக்கினால் வேறொரு கேள்வி முன்னிற்கிறது. பொதுப்பணத்தில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கும் உரிமையை அரசு எழுதிக் கொடுக்கிறது என்றால், அந்த எழுத்து யார் பெயரில் இருக்க வேண்டும்? பெற்றோரும் ஊராரும் அடங்கிய சமூகத்தின் பெயரிலா, வகுப்பில் நிற்கும் ஆசிரியர் பெயரிலா?

இக்கேள்வி 1968இலேயே தெருவுக்கு வந்துவிட்டது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓஷன்ஹில்-பிரவுன்ஸ்வில் என்ற வட்டாரம். மாணவரில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரும் போர்ட்டோரிக்கோ மக்களும். ஆசிரியரில் பெரும்பான்மையோர் வெள்ளையர். 1967இல் அங்குள்ள சில பள்ளிகளை உள்ளூர்ச் சமூகக் குழுவின் பொறுப்பில் விட்டுப் பார்க்கும் சோதனை தொடங்கிற்று. ஃபோர்டு அறக்கட்டளை பணம் தந்தது. 1968 மே மாதத்தில் அக்குழு, ஆசிரியரும் நிர்வாகிகளுமாகப் பத்தொன்பது பேரைத் தன் பள்ளிகளிலிருந்து வெளியேறச் சொன்னது. பூசலின் மையமாக விளங்கியது 271ஆம் எண் இளையோர் உயர்நிலைப்பள்ளி. நாம் நடுநிலைப்பள்ளி என்று சொல்லும் வயதினர் படித்த இடம். உரிய விசாரணையின்றி ஆசிரியரை அகற்ற முடியாது என்று நகர ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை நகரப் பள்ளிகளின் முப்பத்தாறு வேலைநாட்கள் அதில் கழிந்தன. சங்கத்தின் தலைவர் ஆல்பர்ட் ஷங்கர். மறு ஆண்டு மாநிலச் சட்டமன்றம் நகரப் பள்ளிகளைப் பெரிய சமூக மாவட்டங்களாகப் பிரித்தது. ஓஷன்ஹில் சோதனை அத்துடன் முடிந்தது.

ஷங்கரைச் சமூக அதிகாரத்தின் பகைவராகவே சித்திரிக்கும் எழுத்துகள் ஏராளம். சமூகக் குழுவை வெறும் வன்முறைக் கும்பலாகக் காட்டும் எழுத்துகளும் குறைவில்லை. தம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கல்லாமலே வகுப்பேற்றப்படுவதைக் கண்ட பெற்றோரின் சினம் நியாயமானது. காரணம் கேட்காமல் வேலையிலிருந்து விலக்கப்பட்ட ஆசிரியரின் அச்சமும் நியாயமானது. இரு நியாயங்களையும் ஒரே பள்ளிக்குள் தாங்கும் சட்ட ஏற்பாடு அன்று இல்லை என்பதே என் வாசிப்பு.

அந்த ஏற்பாட்டுக்கான சொல் வேறு திசையிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வி நிர்வாகம் கற்பித்த ரே பட் என்பவர், அதற்கு முன் மிச்சிகனில் பள்ளி ஆசிரியராகவும் துணைத் தலைமையாசிரியராகவும் இருந்தவர். 1974இல் அவர் முன்வைத்த கருத்து எளிமையானது. கல்வி மாவட்டம், புதிய முறையில் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் குழுவுக்கு நேரடியாக ஒரு பட்டயம் வழங்கட்டும். நோக்கம், காலம், கணக்கு ஒப்புவிக்கும் முறை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கட்டும். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, 1609இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹென்றி ஹட்சன் என்ற மாலுமியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம். வடகிழக்கு வழியைத் தேடச் சொல்லி அனுப்பப்பட்ட ஹட்சன், பனியால் தடைப்பட்டு மேற்கே திரும்பி, இன்று அவர் பெயர் தாங்கும் ஆற்றுக்குள் நுழைந்தார் என்பது பட்டயங்களைப் பற்றிச் சிந்திப்போர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி! (தமிழில் ‘பட்டயம்’ என்றவுடன் சிலருக்குச் செப்பேடும் சிலருக்கு டிப்ளமோவும் நினைவுக்கு வரும். மானியமும் நிபந்தனையும் ஒருசேரப் பொறிக்கப்படும் செப்பேடே இங்கு நெருக்கமான பொருள்.)

பட் அவர்களின் கட்டுரையை 1974இல் எவரும் பொருட்படுத்தவில்லை. 1988இல் அது சிறு நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் இதழில் தம் கணவரின் கருத்தைக் குறிப்பிட்டு எழுதிய பத்தியைக் கண்டு அவர் மனைவியே அவருக்குச் செய்தி சொன்னாராம். பத்தியை எழுதியவர் ஆல்பர்ட் ஷங்கர்.

அதற்கு முன்பே, 1988 மார்ச் 31 அன்று வாஷிங்டனில் நிகழ்த்திய உரையில், ஆசிரியர்கள் சிலர் கூடித் தம் பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு பள்ளியை அமைக்க முன்மொழியலாம் என்று ஷங்கர் பேசியிருந்தார். முந்தைய ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹோல்வைட என்ற பள்ளியை அவர் பார்த்திருந்தார். அங்கே ஆசிரியர் குழு ஒன்று ஒரே மாணவர் தொகுதியுடன் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பயணிக்கும்; பாடம், கால அட்டவணை ஆகியவற்றை அக்குழுவே முடிவு செய்யும். பதினொரு வயதில் தொடக்கப்பள்ளியின் ஒற்றை ஆசிரியரை விட்டு, மணிக்கொரு முகம் மாறும் பெரிய கட்டடத்துக்குள் நுழையும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷங்கரின் திட்டத்தில் முன்மொழிபவர் ஆசிரியர். பெற்றோர் விரும்பினால் சேரலாம், விலகலாம். 1968இல் மறுக்கப்பட்ட சமூகத்தின் குரல் இங்கே தேர்வுரிமையாகச் சுருங்கிவிட்டது.

இக்கருத்து முதன்முதலில் சட்டமானது மினசோட்டா மாநிலத்தில். 1988 அக்டோபரில் அங்கு நடந்த கருத்தரங்கில் ஷங்கரின் பேச்சைக் கேட்ட செனட்டர் எம்பர் ரைக்காட் ஜங் சட்ட முன்வரைவை எடுத்துச் சென்றார். இரு முறை தோல்வி. 1991இல் பல விட்டுக்கொடுத்தல்களுடன் நிறைவேறிற்று. மாநிலம் முழுமைக்கும் எட்டுப் பள்ளிகளே. கட்டணம் கூடாது, சமயச் சார்பு கூடாது. உள்ளூர்ப் பள்ளி வாரியமும் மாநில வாரியமும் இசைய வேண்டும். பள்ளியின் ஆட்சிக்குழுவில் ஆசிரியரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் மிகுந்தால் மூன்று ஆண்டுகள். விந்தை என்னவெனில், மினசோட்டா ஆசிரியர் சங்கங்களே இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன.

மூன்று ஆண்டு என்ற வரம்பை நடுநிலைப்பள்ளியின் கண்கொண்டு பாருங்கள். பள்ளி திறக்கும் நாளில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கும் தருணமும், பட்டயம் புதுப்பிக்கப்படுமா என்று முடிவாகும் தருணமும் ஒன்றே. அடுத்து வந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளோ, தம் பள்ளி நிலைக்குமா என்று அறியாமலேயே படித்துக்கொண்டிருப்பர். நம் நாட்டு நிலை இதற்கு நேர்மாறு. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை வகுத்த உதவித்தொகை முறையும் பொதுப்பணம், தனி நிர்வாகம் என்ற இணைப்புதான். ஆனால் நம் உதவிபெறும் பள்ளிக்கு முடிவுத் தேதி கிடையாது. உரிமை நிர்வாகத்தின் பெயரில் இருக்கும், ஆசிரியர் குழுவின் பெயரில் இராது.

1992 செப்டம்பரில் செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி திறந்தது. நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளி. மைலோ கட்டர் உள்ளிட்ட ஆசிரியர் சிலர் சேர்ந்து, படிப்பைப் பாதியில் விட்ட இளையோருக்காக, நகராட்சியின் பொழுதுபோக்கு மையம் ஒன்றில் தொடங்கியது. இங்குதான் சட்டத்தின் மௌனம் பேசத் தொடங்குகிறது. அரசு அன்று தலைக்கு இவ்வளவு என்று பணம் தந்தது, கட்டடத்துக்குத் தரவில்லை. வாடகையை ஆசிரியர் ஊதியத்துக்கான பணத்திலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. இப்பள்ளிகளின் முதல் முகவரிகளைத் தொகுத்தால் அதுவே ஒரு சமூக வரலாறு. 1999இல் பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ராக்ஸ்பரி பிரெப் என்னும் நடுநிலைப்பள்ளி, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இயங்கியது. அதை நிறுவியவருள் ஒருவரான ஜான் கிங் பின்னர், 2016இல், அமெரிக்க அரசின் கல்வித் துறைச் செயலரானார்.

தலைக்கணக்குப் பணத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. எண்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் எண்ணூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் தணிக்கை ஒன்றுதான். மாற்றுத்திறன் மாணவருக்கான சட்டக் கடமைகளும் புதுப்பித்தல் அறிக்கையும் ஒன்றுதான். சிறு பள்ளியில் இச்சுமை கற்பிப்போர் தலையில் விழும். சில ஆண்டுகளில் அவர்கள் களைத்துவிடுவர், அல்லது இவ்வேலைகளைப் பொதுவாகச் செய்து தரும் வலையமைப்பு ஒன்றில் சேர்வர். ராக்ஸ்பரி பிரெப் பள்ளியும் அன்காமன் ஸ்கூல்ஸ் என்ற வலையமைப்பின் அங்கமாயிற்று. பாடத்திட்டம், ஆசிரியர் தேர்வு, விரிவாக்கம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் இடம் அப்போது தெருவை விட்டுத் தலைமையகத்துக்கு நகர்கிறது. இம்மாற்றத்தைச் சித்தாந்தச் சதி என்று மட்டும் விளக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நிதி விதிகளிலேயே அதன் விதை இருந்தது. ஷங்கர் இதன் தொடக்கத்தைத் தம் இறுதி ஆண்டுகளில் கண்டு, தாம் ஆதரித்த இயக்கத்தையே விமர்சித்தார், 1997இல் மறைந்தார். இன்று ஏறத்தாழ 37 இலட்சம் மாணவர் இவ்வகைப் பள்ளிகளில் பயில்கின்றனர். 2016இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பட்டயங்களின் எண்ணிக்கை வரம்பைத் தளர்த்தலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றனர்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1994இல் மினசோட்டாவின் லெ சூர் என்ற சிற்றூரில், கடைவீதியில் இருந்த கடைக் கட்டடங்களில் நியூ கன்ட்ரி ஸ்கூல் தொடங்கியது. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. தலைமையாசிரியர் என்று ஒருவர் இல்லை. ஆசிரியர்கள் எட்விஷன்ஸ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். பள்ளியின் ஆட்சிக்குழு அச்சங்கத்துடன் கற்பித்தலுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. வரவு செலவுத் திட்டத்தையும் சக ஆசிரியர் நியமனத்தையும் அவர்களே தமக்குள் கூடி முடிவு செய்தனர். மினசோட்டா கிராமப்புறத்தில் பால்பண்ணைக்கும் தானியக் கிடங்குக்கும் கூட்டுறவு பழகிய வடிவம். அதைப் பள்ளிக்குக் கொண்டுவர அவ்வூராருக்கு நெடிய விளக்கம் தேவைப்பட்டிராது.