பழைய புல்லட்டின் முன் ஃபோர்க் கோணலும் அதை நேர்செய்தலும்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே தளத்தில் நிற்காமல் போவதே முன் ஃபோர்க் கோணல். வண்டி நேராக ஓடும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பி நிற்பது இதன் வெளிப்படையான அடையாளம். வண்டி கீழே விழுந்தாலும் வரும், ஸ்டாண்டு நழுவிச் சாய்ந்தாலும் வரும், சக்கரத்தைக் கழற்றி அவசரமாக மாட்டினாலும் வரும். சென்னைத் திருவொற்றியூரில் உருவான, வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியை முன்வைத்து இக்கட்டுரை இந்தப் பழுதை விளக்குகிறது. அக்காலத்து வேறு வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அறிய வேண்டிய ஒன்று உண்டு. விழுந்த வண்டியில் கோணலாகத் தெரியும் ஃபோர்க் எல்லாம் வளைந்த ஃபோர்க் அல்ல. குழாய்கள் நேராகவே இருக்க, கிளாம்புகளின் பிடிக்குள் அவை சற்று நழுவித் திரும்பியிருக்கும். போல்ட்டைத் தளர்த்தினாலே தீரும் பழுதுக்குச் சுத்தியலும் நெருப்பும் எடுப்பதால்தான் பல நல்ல ஃபோர்க்குகள் வீணாகின்றன.

அமைப்பு

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் 1930களில்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முன் கர்டர் ஃபோர்க்கே வழக்கம். டென்மார்க்கின் நிம்பஸ் 1934இலும், எண்ணெய்த் தணிப்புடன் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்12 1935இலும் இதைக் கொண்டுவந்தன. இங்கிலாந்தில் மேட்ச்லெஸ் நிறுவனம் 1941இல் ராணுவத்துக்கான ஜி3எல் வண்டியில் பொருத்தியது. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டின் 1949ஆம் ஆண்டு புல்லட், முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் பின்னால் ஸ்விங் ஆர்மும் கொண்டு வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபின், அதே அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் இங்கே உற்பத்தியில் இருந்தது. அதனால்தான் எழுபதுகளின் வண்டியில் கற்ற கைப்பழக்கம் தொண்ணூறுகளின் வண்டிக்கும் உதவுகிறது.

புல்லட்டில் கவனிக்க வேண்டிய தனித்தன்மை, ஹெட்லைட்டைத் தாங்கும் தலைவார்ப்பு. இரண்டு சிறு ‘டைகர் லேம்ப்’களும், ஸ்பீடோமீட்டரும், ஆம்மீட்டரும் பதிந்திருக்கும் இந்த அலுமினிய வார்ப்பு வெறும் மூடி அல்ல, ஃபோர்க்கின் மேல் தாங்கியே அதுதான். இரண்டு குழாய்களின் மேல்முனைகளும் மரையால் இதற்குள் ஏறி இறுகுகின்றன. நடுத்தண்டு கீழ்த் தாங்கியிலிருந்து எழுந்து, சேஸின் கழுத்து வழியாக வந்து, இதே தலைவார்ப்பில் கிளாம்ப் போல்ட்டால் பிடிக்கப்படுகிறது. பட்டறையில் ‘டி’ என்று சொல்லும் கீழ்த் தாங்கியில் இரு குழாய்களையும் நெரித்துப் பிடிக்கும் போல்ட்டுகள் இருக்கின்றன. அடியில், ஆக்ஸில் இரு கால்களின் முனைகளிலும் உட்கார, மேலே மூடி வைத்து நட்டுகள் முறுக்கப்படுகின்றன. ஆக, தலைவார்ப்பு, ‘டி’, ஆக்ஸில் என்ற மூன்று இடங்களிலும் ஒரே திசை அமைந்தால்தான் ஃபோர்க் நேர். நான்காவதாக மட்கார்டு பிரேஸ் இருக்கிறது. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. வளைந்த மட்கார்டைப் போல்ட்டால் இழுத்து மாட்டினால், அந்த இழுவை இரு கால்களையும் உள்ளே நெருக்கும் அல்லது வெளியே தள்ளும்.

அறிகுறிகளும் ஐயங்களும்

ஹேண்டில்பார் கோணல், ஒரு பக்க இழுப்பு, ஒரு கால் ஆயில் சீல் மட்டும் அடிக்கடி கசிவது, முன்பக்கத்தை அழுத்திவிட்டால் எழும்பாமல் சிக்கி நிற்பது ஆகியவை வழக்கமான அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதே மிகவும் நம்பத்தக்கது. கால்கள் இணையாக இல்லாவிட்டால் குழாய் புஷ்ஷில் ஒரு பக்கமாக உரசும். சிறு மேடு பள்ளங்களில் ஃபோர்க் வேலையே செய்யாமல் அதிர்ச்சி நேரே கைக்கு வரும்.

ஒரு பக்க இழுப்பு மட்டும் இருந்தால் ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். செயின் இறுக்கும்போது இரு பக்க அட்ஜஸ்டரும் சமமாக வராவிட்டால் இதே குறை தோன்றும். இதற்கு நேரான இரண்டு நீளப் பலகைகள் போதும். தரையிலிருந்து ஒரே உயரத்தில், பின் டயரின் இரு பக்கமும் முன்னும் பின்னும் தொடும்படி அவற்றை வைத்து, முன் டயர் வரை நீட்ட வேண்டும். டயர்கள் வெவ்வேறு அகலமுள்ள வண்டியில் இடைவெளியை இரு பக்கமும் அளந்து ஒப்பிட வேண்டியிருக்கும். பழைய புல்லட்டில் முன்னும் பின்னும் 3.25-19 டயரே என்பதால், சக்கரங்கள் ஒரே கோட்டில் இருந்தால் பலகை முன் டயரையும் உரசி நிற்கும். ரிம் ஸ்போக்ஸில் ஒரு பக்கம் தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறதா, கழுத்து பேரிங்கான ‘கோன் செட்’ தேய்ந்து ஆடுகிறதா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துவிடலாம். முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு குழியில் விழுவதுபோல் நின்றால், கோன் செட்டின் பந்துகள் கிண்ணத்தில் தடம் பதித்துவிட்டன என்று பொருள். அந்த வண்டிக்கு ஃபோர்க்கை எவ்வளவு நேர்செய்தாலும் இழுப்பு போகாது.

தளர்த்தி நேர்செய்தல்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் அகலமான மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். புல்லட்டின் சேஸில் எஞ்சினுக்குக் கீழே குழாய் கிடையாது. எஞ்சினே சேஸின் ஓர் உறுப்பாகச் சுமை தாங்குகிறது. ஆகவே கட்டையின் மேல் அமர்வது அலுமினிய கிராங்க்கேஸ்தான். குறுகலான ஜாக்கியின் முனையை அதில் கொடுக்கவே கூடாது.

பிறகு மட்கார்டு பிரேஸ் போல்ட்டுகள், ஆக்ஸில் மூடிகளின் நட்டுகள், ‘டி’யின் நெரிப்புப் போல்ட்டுகள், நடுத்தண்டைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட் ஆகிய எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். கழற்றத் தேவையில்லை, பிடி விட்டால் போதும். ஏதாவது ஒன்றை முறுக்கியபடியே விட்டால் கோணல் அங்கேயே ஒளிந்துகொள்ளும். சாலையோரங்களில், சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை வெட்டி இழுப்பதைப் பார்க்கலாம். தளர்த்திய ஃபோர்க்கில் அது சரியான முறையே. தளர்த்தாமல் செய்தால் ஒன்று திரும்பவும் பழைய நிலைக்கே வரும். இல்லையென்றால் குழாயின் மேற்பரப்பைக் கிளாம்ப் கீறிவிடும்.

நேராகத் திரும்பியதா என்பதைக் கண்ணால் நிதானிக்கலாம். முன்னால் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கால்களும் ஒன்றை ஒன்று மறைக்கும்படி பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பார்கள் அனுபவசாலிகள். ஆனால் கண்ணைவிடக் கண்ணாடி துல்லியமானது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, தடித்த, சமதளமான கண்ணாடித் துண்டை வெளியே தெரியும் இரு குழாய்களின் மேலும் குறுக்கே வைத்து, நான்கு மூலைகளையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். எங்கும் ஆடாவிட்டால் இரு குழாய்களும் ஒரே தளத்தில் இருக்கின்றன. எதிரெதிர் மூலைகள் தட்டினால் முறுக்கம் இன்னும் இருக்கிறது. கவர் மூடிய புல்லட்டில் குழாய்களைக் கவர் இல்லாமல் ஒருமுறை மாட்டிப் பார்த்தே இதைச் செய்ய முடியும். சலிப்பான வேலைதான், ஆயினும் விழுந்த வண்டிக்கு அதைத் தவிர்ப்பது நல்லதல்ல.

இறுக்கும் வரிசை முக்கியமானது. புல்லட்டில் குழாய்கள் தலைவார்ப்பில் கடைசி மரை வரை இறுகி உட்கார்ந்திருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் ஆக்ஸிலின் ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கி, மறுபக்கத்தை லேசாக விட்டு, வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நன்றாகப் பலமுறை அமுக்கிவிட வேண்டும். தளர்ந்திருக்கும் கால் தனக்கு இயல்பான அகலத்தைத் தானே தேடிக்கொள்ளும். டிரம் பிரேக் வண்டியில் பிரேக்கைப் பிடிப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: பிரேக் பிளேட் டிரம்மின் நடுவில் வந்து அமரும். பிறகு மறுபக்க ஆக்ஸில் மூடி, ‘டி’யின் போல்ட்டுகள், நடுத்தண்டுக் கிளாம்ப் என்று முறுக்கிக்கொண்டே போகலாம். மட்கார்டு கடைசியில்தான். அதன் துளையும் காலின் துளையும் நேரில் வராவிட்டால் காலை இழுக்கக் கூடாது. வாஷர் போட வேண்டும், அல்லது மட்கார்டைத் திருத்த வேண்டும்.

வளைந்திருந்தால்

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணாடி ஆடினால், அல்லது ஃபோர்க் சிக்கினால், கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். எதிரே மோதிய வண்டியில் குழாய் பெரும்பாலும் ‘டி’க்குச் சற்றுக் கீழே வளையும். கழற்றிய குழாயை லேத் பட்டறையில் இரண்டு வி-பிளாக்குகள் மீது வைத்து, நடுவில் டயல் கேஜ் நிறுத்தி, மெதுவாக உருட்டுவார்கள். இங்கே ஒரு கணக்கு அடிக்கடி தவறுகிறது. ஒரு முழுச் சுற்றில் முள் காட்டும் மொத்த ஏற்ற இறக்கத்தில் பாதிதான் உண்மையான வளைவு. 0.2 மி.மீ. வரை பொறுக்கலாம் என்று பல பட்டறைக் கையேடுகள் எல்லை வைக்கின்றன.

சிறு வளைவை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம். கூர்மையாக மடிந்த, அமுங்கிய, அல்லது மேற்பூச்சு விரிசல் கண்ட குழாயை நிமிர்த்தக் கூடாது. கேஸ் வைத்துச் சூடாக்குவது அறவே கூடாது. உலோகத்தின் பலம் அந்த இடத்தில் மாறிவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. முன் பிரேக் பிடிக்கும்போது முழுச் சுமையும் வாங்கும் குழாய் இது. வளைந்த குழாயைத் திருப்பி மாட்டி, வளைவை முன்பக்கமோ பக்கவாட்டிலோ மறைத்துவிடும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ வேலையும் புழக்கத்தில் உண்டு. அது பழுதுபார்ப்பு அல்ல, வண்டியை வாங்கப்போகிறவரை ஏமாற்றுவது.

‘டி’ கோணியிருக்கிறதா என்பதை அறிய, நேரென்று உறுதியான இரண்டு குழாய்களை அதில் மாட்டிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதே எளிய வழி. தலைவார்ப்பு விரிசல் விட்டாலோ உள்மரை போனாலோ மாற்றுவதுதான் பாதுகாப்பு. வார்ப்பு அலுமினியத்தை நிமிர்த்த முயன்றால் உடையும். இதற்காக மீட்டர், ஆம்மீட்டர், விளக்குகள், வயரிங் அனைத்தையும் கழற்ற வேண்டியிருப்பதால் செலவும் நேரமும் கூடும்.

மோதல் கடுமையாக இருந்திருந்தால் சேஸையும் விட்டுவைக்கக் கூடாது. கழுத்துக்குப் பின்னால், முன் இறங்கு குழாயும் மேல் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவினால் சிறு அலைபோன்ற மேடு தட்டுப்படும்; அங்கே பெயின்ட் மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும். சக்கரம் எஞ்சின் பக்கம் வழக்கத்தைவிட நெருங்கி நிற்பதும் இதையே காட்டும். கழுத்தை நிமிர்த்தும் வேலைக்கு ஜிக் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மாட்டும்போது

திரும்ப மாட்டுமுன் ஸ்பிரிங் போடாமல் இரு கால்களையும் ஆக்ஸிலோடு சேர்த்து, கையால் மேலும் கீழும் முழு தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கும் பிடிக்காமல் ஓடினால் சரி. ஆக்ஸில் இரு முனைகளிலும் உள்ள அரைவட்ட இருக்கைகளில் ஆடாமல் உட்கார வேண்டும். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் தூக்கினால், மூடியை முறுக்கி அதை அமுக்கிவிடக் கூடாது. எந்தக் கால் திரும்பியிருக்கிறது என்று தேட வேண்டும். இரு கால்களிலும் எண்ணெய் ஒரே அளவாக இருக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்ப்பது அவசியம். புது ஆயில் சீலில் முதல் சில நாள்கள் குழாய் மீது மெல்லிய ஈரம் தெரிவது இயல்பே. துடைத்த பிறகும் ஒரே காலில் சொட்டாக வழிந்தால் சீலைக் குறைசொல்லாமல், அந்தக் காலின் நேரை மீண்டும் அளக்க வேண்டும்.