ஊற்றிய சாயமும் மரப்பாலும்

தூரிகை கொண்டு தீட்டாமல், சாயத்தைப் பலகைமீது ஊற்றிப் படரவிடும் ஓவியத்தில் எம் பள்ளி மாணவர்க்கு விருப்பம் மிகுதி. பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர், “இதனைத் தொடங்கியவர் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக், அவர் ஊற்றியது அக்ரிலிக்” என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தார். இரண்டும் பிழை.

மெக்சிக்கோ ஓவியர் சிகெய்ரோஸ் 1936இல் நியூயார்க்கில் ஒரு சோதனைப் பட்டறை நடத்தினார். மோட்டார் வண்டிக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் சாயத்தை, கிடத்திய பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். நிறங்கள் ஒன்றையொன்று ஊடுருவித் தாமே உருக்கொண்டன. இதைத் தற்செயல் ஓவியம் என்றார். அப்பட்டறையில் பயின்றவருள் போலக்கும் ஒருவர். 1947 முதல் போலக் செய்து புகழ்பெற்ற சிதறல் ஓவியங்களிலும் பெரும்பாலும் காண்பது எனாமல் சாயமே.

தற்செயல் என்றாரே, அது முற்றும் உண்மையா? மெக்சிக்கோ ஆய்வாளர் சிலர் 2015இல் இதனைச் சோதித்து வெளியிட்டனர். மேலே ஊற்றிய சாயம் கீழுள்ளதைவிடக் கனமாயின் அது அமிழும். இலேசானது இடையிடையே மேலெழும். கண் கண்ணாகக் கோலம் பிறக்கும். கறுப்பின்மேல் வெள்ளையை ஊற்றினால் கோலம் உண்டு. வெள்ளையின்மேல் கறுப்பை ஊற்றினால் இல்லை. வெள்ளையிலுள்ள டைட்டானியம் அத்துணைக் கனம். ஆகவே சாயத்தைத் தேர்ந்த கைக்கும் இதில் பங்குண்டு.

அக்ரிலிக் பின்னர்தான் வந்தது. 1940களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாக்னா என்னும் அக்ரிலிக் டர்ப்பன்டைனில் கரைவது. மாரிஸ் லூயி 1954 முதல் அதைத் துணிமீது ஊற்றிப் பெரும் ஓவியங்கள் படைத்தார். இன்று மாணவர் கையிலுள்ள, நீரில் கலக்கும் அக்ரிலிக், 1950களின் நடுவில் ஓவியர்க்குக் கிட்டியது.

இந்தச் சாயத்தின் இயல்பை விளக்க நம் பேராக் ஆசிரியர்க்கு அயல்நாட்டு உவமை வேண்டியதில்லை. அக்ரிலிக் பிசின் நுண்துளிகளாக நீரில் மிதக்கிறது. நீர் உலர்ந்ததும் துளிகள் ஒட்டிச் சவ்வாகின்றன. பிறகு நீரில் கரைவதில்லை. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன்பின் இம்மாநிலத் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வெட்டிய மரங்களின் பாலும் இத்தகையதே. முதல்நாள் வெட்டில் காய்ந்த பாலை நாடாவாக உரித்துவிட்டே என் தாயார் மறுநாள் கத்தி வைப்பார். பால் உறையாதிருக்க அம்மோனியா விடுவதுண்டு. சில அக்ரிலிக் புட்டிகளைத் திறந்தாலும் அந்நெடி சற்றே எழும். எங்கள் தோட்டம் செம்பனையாகி ஆண்டுகள் பல. மாணவர்க்கு அது சாயத்தின் வாடை மட்டுமே.