சென்னையில் எங்கே வாங்கலாம்? – பெயர்க்கப்பட்ட கடைகளின் வரலாறு

சென்னைக்கு வரும் வெளியூர்க்காரருக்கு எந்தச் சுற்றுலாக் கையேடும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் நீட்டும். பட்டுக்குத் தி.நகர், மலிவுக்குப் பாண்டி பஜார், 'ஃபாரின்' சாமானுக்கு பர்மா பஜார், பழைய புத்தகத்துக்கு மூர் மார்க்கெட். சொல்கிற விலையில் பாதிக்குக் கேளுங்க என்ற உபதேசமும் கூடவே வரும். இப்பட்டியலை ஒரு பிரதியாக வாசித்தால் அதில் சரக்கு இருக்கிறது, இடம் இருக்கிறது, விற்கிற ஆள் மட்டும் இல்லை. அவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார், எங்கிருந்து துரத்தப்பட்டு வந்தார் என்பது கையேட்டின் மௌனம். என் வாதம் இதுதான்: கடைவீதி என்று வெளியூர்க்காரருக்குக் காட்டப்படும் இடங்களில் பல, யாரையோ எங்கிருந்தோ அப்புறப்படுத்தியதால் உண்டானவை.

மூர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலும் அசுத்தமுமாக இருக்கிறது என்று சொல்லி, மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-ல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1900-ல் திறந்தார்கள். ஆக, தோற்றத்திலேயே 'சுகாதாரம்' என்ற சொல்லாடல் வந்துவிடுகிறது. காலனிய ஆட்சிக்கு நாட்டுச் சந்தை என்றால் கூச்சல், அழுக்கு, நோய். சிவப்புக் கட்டடமும் வளைவுகளும் கட்டி அதை அடக்க வேண்டும். ஆனால் அடங்கவில்லை. உள்ளே நுழைந்த பழம்பொருள்காரர்களும் புறாக்காரர்களும் புத்தகக்காரர்களும் அந்தக் கட்டடத்தைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு முந்தைய தலைமுறையில் தமிழ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்க. பாடத்திட்டத்தில் இல்லாத இலக்கியத்தை அவர்கள் படித்தது பல்கலைக்கழக நூலகத்தில் அல்ல, அந்தத் தாழ்வாரத்தில்.

1985 மே 30-ல் அது எரிந்தது. சென்ட்ரல் நிலையத்தை விரிவாக்க அந்த நிலம் தேவைப்பட்டிருந்த நேரம். தீ தானாகப் பிடித்ததா என்று ஊரில் அன்று எழுந்த சந்தேகம் இன்றும் அடங்கவில்லை. சந்தேகத்தைச் சான்றாக்க நான் முயலவில்லை. ஆனால் எரிந்த இடத்தில் சந்தையைத் திரும்பக் கட்டவில்லை, ரயில் நிலையம் கட்டினார்கள் என்பது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. பக்கத்திலிருந்த மிருகக்காட்சிசாலையும் (சென்னைக்காரர் வாயில் 'உயிர் காலேஜ்') அதே ஆண்டு வண்டலூரில் திறக்கப்பட்டது. வியாபாரிகளுக்குக் கிடைத்தது அல்லிக்குளம் வளாகம். இன்று புறநகர் ரயில் முனையத்துக்குப் பெயர் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்'. கடை போய்விட்டது, பெயர் பயணச்சீட்டுக்கு வந்துவிட்டது.

பர்மா பஜார் வேறு மாதிரி. 1962-ல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறினார்கள். தாய்நாட்டுக்குத் திரும்பியதாக அரசு எழுதிக்கொண்டது. பர்மாவிலேயே பிறந்த பிள்ளைக்கு இது எந்தக் கணக்கில் தாய்நாடு? 1969-ல் துறைமுகத்துக்கு அருகே, கடற்கரை ரயில் நிலையத்தையொட்டி, மதில் ஓரமாக அவர்களுக்கு வரிசையாகப் பெட்டிக்கடைகள் ஒதுக்கப்பட்டன. துறைமுகத்தில் இறங்கியவர்களைத் துறைமுக வாசலிலேயே நிறுத்திவைத்த மாதிரி. கப்பல்காரர்களும், சிங்கப்பூருக்குப் போய்வரும் 'குருவி'களும் கொண்டுவந்த டேப்ரிக்கார்டர், சென்ட், நைலான் புடவை என்று வியாபாரம் வளர்ந்தது. இறக்குமதிக்கு நாடு கதவைச் சாத்தியிருந்ததுதான் அந்தச் சரக்குக்கு மதிப்பு. 1991-க்குப் பிறகு கதவு திறக்கத் திறக்க 'ஃபாரின்' என்ற சொல்லின் மாயம் கரைந்தது. திருட்டு விசிடி காலம் வந்து போயிற்று. இப்போது செல்பேசிக் கடைகள். நடுத்தர வர்க்கம் அங்கே ஆசையோடு வாங்கிவிட்டு, வெளியே வந்து 'கள்ளச் சந்தை' என்று முகம் சுளிப்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அகதி என்ற சொல் அழிந்து கடத்தல் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் தெருக்களில் மாலையில் போடும் அத்தோவை மட்டும் எல்லாரும் புகழ்கிறார்கள். நாக்குக்குச் சரித்திரம் வேண்டாம் போலிருக்கிறது.

பாண்டி பஜாரில் முரண் இன்னும் கூர்மை. சர் பி. தியாகராயர் பெயரிலான சாலை. பஜாரின் பெயர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரிடமிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுத்தால் உரிமம் போய்விடும் என்று உத்தரவிட்டவர். பொதுவெளியில் யாருக்கு இடம் என்ற கேள்வியை எழுப்பியவர் பெயரிலுள்ள தெருவில், 2013-ல் நீதிமன்ற உத்தரவின்படி நடைபாதைக் கடைக்காரர்கள் தெருவைவிட்டு எடுக்கப்பட்டு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். நடந்து போகிறவர் கண்ணில் படுவதால் நடக்கிற வியாபாரத்தை மாடியில் வைத்தால் என்ன ஆகும்? மறு ஆண்டே, 2014-ல், நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளுக்கான சட்டத்தை இயற்றியது. 2019-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதே இடம் அகன்ற நடைபாதையும் பெஞ்சுகளுமாக அழகாயிற்று. அழகுதான், மறுக்கவில்லை, நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் 1898-ன் 'சுகாதாரம்' இங்கே 'அழகு' என்று வேஷம் மாற்றி வந்திருக்கிறது.

கொஞ்சம் தள்ளி ரங்கநாதன் தெரு. அங்கே தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் நாளெல்லாம் நின்றபடி துணி எடுத்துப் போட்டார்கள். அந்த நிற்றலை 2010-ல் 'அங்காடித் தெரு' படம் பார்வைக்குக் கொண்டுவந்தது. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021-ல். அடுத்த முறை அங்கே போகிறவர்கள், புடவையின் கரையைப் பார்க்கும் முன் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடக்கிறதா, கிடந்தால் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்க.