சுங்கமும் கள்ளக்கடத்தலும்: பாக் நீரிணை தரும் பாடம்

சென்னையின் தென்புறநகரில் வாழும் நாம் அடிக்கடி இரண்டு எல்லைகளைக் கடந்து செல்கிறோம். அவை எல்லைகள் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஒன்று, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சுங்கச் சோதனைக் கூடம். மற்றொன்று, அதே ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் சானடோரியத்தை ஒட்டி 1984-இல் தொடங்கப்பெற்ற ஏற்றுமதி மண்டலம். மக்கள் வழக்கில் 'மெப்ஸ்'. அதன் மதிலுக்குள் உற்பத்திக்காக வரும் அயல்நாட்டு மூலப்பொருளுக்குச் சுங்கவரி இல்லை. அதே பொருள் வாயிலைத் தாண்டி உள்நாட்டுச் சந்தைக்கு வருமாயின் வரி உண்டு. ஆகவே எல்லை என்பது கடலாலும் மலையாலும் மட்டும் அமைவதன்று. அரசின் ஆணையாலும் அமைவது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வினாவைக் கேட்டார். "ஹஜ்ரத், விமானத்தில் ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால் நல்ல கூலி தருவதாகச் சொல்கிறார்கள். சுங்கம் என்பது மார்க்கம் கண்டித்த 'மக்ஸ்' தானே? அதைத் தவிர்ப்பது எப்படிக் குற்றமாகும்?" இவ்வாறு பொருள் சுமப்போரைச் சென்னையில் 'குருவி' என்பர். அன்று சுருக்கமாக விடை கூறி, அவ்வேலை வேண்டாம் என்று தடுத்தனுப்பினேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. அதற்குரிய முழு விடை ஃபிக்ஹு நூல்களில் மட்டுமின்றி, நம் கடற்கரையின் வரலாற்றிலும் இருக்கிறது.

முதலில் 'மக்ஸ்' பற்றி. நபிமொழிகளில் கண்டிக்கப்படுவது, உரிமையின்றி வணிகரிடம் பறிக்கப்படும் அநீதியான தீர்வையாகும். வரம்புடைய வணிகத் தீர்வையோ கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது. அயல்நாடு செல்லும் முஸ்லிம் வணிகரிடம் அங்குள்ளோர் பத்தில் ஒன்றை வாங்குவதாக அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) எழுதியபோது, அவர்கள் வாங்குவதைப் போன்றே அவர்களிடம் வாங்கும்படி கலீஃபா பணித்ததாக இமாம் அபூ யூசுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவுசெய்துள்ளார். அயல்நாட்டாரிடம் பத்தில் ஒன்று, திம்மீகளிடம் இருபதில் ஒன்று, முஸ்லிம்களிடம் நாற்பதில் ஒன்று என்பது அன்றைய வீதம். இருநூறு திர்ஹத்திற்குக் குறைந்த சரக்கிற்குத் தீர்வையே இல்லை.

இதனினும் சிந்திக்கத்தக்க செய்தி இமாம் மாலிக் அவர்களின் 'முவத்தா'வில் உள்ளது. நபத்தீய வணிகர் கொண்டுவந்த கோதுமைக்கும் எண்ணெய்க்கும் உமர் (ரலி) அவர்கள் தீர்வையைப் பாதியாகக் குறைத்து வாங்கினார்கள். பருப்பு வகைகளுக்கு முழுப் பத்திலொன்றை வாங்கினார்கள். மதீனாவிற்கு உணவு மிகுதியாக வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். மக்களுக்கு எது தேவையோ அதற்கு வாயிலை அகலத் திறந்துவைத்தல் என்னும் நெறியை இதிற் காண்கிறோம்.

இந்நெறிக்கு மாறானதை நம் கடல் பதினாறாம் நூற்றாண்டில் கண்டது. போர்ச்சுகீசியர் 'கார்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலங்களைக் கைப்பற்றினர். பன்னெடுங்காலம் அக்கடலில் கலம் செலுத்திய மரக்காயர் ஓர் ஆணையால் ஒரே நாளில் சட்டவிரோதிகளாயினர். மலபாரில் அவர்கள் இழைத்த கொடுமைகளை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் விவரித்துள்ளார்.

1658-இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் மேலும் ஒருபடி சென்று, பாக்கு முதலிய இலங்கைப் பொருள்களைத் தம் கும்பினியின் தனியுரிமையாக்கினர். இந்திய வணிகரின் வரவை ஒடுக்கியதால் இலங்கையில் அரிசியும் துணியும் அருகின. தோணிகளோ நிற்கவில்லை, காவல் குறைந்த துறைகளை நாடின. இறுதியில் கும்பினியே தன் கட்டுப்பாட்டைச் சிறிது காலம் தளர்த்த நேர்ந்தது. அடைத்தவர்க்கும் இலாபமில்லை, அடைபட்டவர்க்கும் வாழ்வில்லை என்பதே அதன் முடிவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாயில் மீண்டும் அகலத் திறந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியாகத் தனுஷ்கோடி செல்லும் 'போட் மெயில்' பயணி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் அடைந்து, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு செல்லலாம். நம் தாம்பரத்தின் வழியே கொழும்புப் பயணிகள் சென்ற காலம் அது! விடுதலைக்குப்பின் நிலை மாறியது. 1948-இல் இலங்கை குடிவரவுச் சட்டம் இயற்றியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980-களில் இனப்போரால் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பெறும் வரை இந்நீரிணையில் சட்டபூர்வமான பயணம் பெரும்பாலும் இல்லாதிருந்தது. சட்டத்திற்குப் புறம்பான பயணமோ ஒருநாளும் ஓயவில்லை.

அதற்குக் காரணம் இரு நாடுகளும் எழுப்பிய வேறு மதில்கள். அந்நியச் செலாவணியைக் காக்க எண்ணிய இந்திய அரசு 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்து, புதிய நகைகள் 14 காரட்டிற்கு மேற்படலாகாது என்றது. பின்னர் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. தங்கத்தின் மீது மக்களுக்குள்ள விருப்பம் ஆணையால் குறையவில்லை. பிழைப்பிழந்தவர் எளிய பொற்கொல்லர். செழித்தவர் கடத்தல் முதலாளிகள். 1990-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1992-இல் வெளிநாடுவாழ் இந்தியர் வரி செலுத்தித் தங்கம் கொண்டுவர வழி திறந்தபோது, கடத்தலின் இலாபம் பெரிதும் குன்றியது.

அப்பாடம் நெடுநாள் நினைவில் நிற்கவில்லை. 2012 ஜனவரியில் 2 விழுக்காடாக இருந்த தங்கத்தின் இறக்குமதி வரி, 2013 ஆகஸ்டில் 10 விழுக்காடாயிற்று. அவ்வாண்டில் 150 முதல் 200 டன் வரை தங்கம் கள்ளத்தனமாக வந்திருக்கலாம் என்று உலகத் தங்க மன்றம் மதிப்பிட்டது. 2022-இல் மொத்த வரி 15 விழுக்காட்டை எட்டியது. 2023 ஜூனில் மண்டபம் கடற்பகுதியில் இலங்கையிலிருந்து வந்த ஏறத்தாழ 32 கிலோ தங்கம் பிடிபட்டது. அதில் ஒரு பகுதி கடலில் வீசப்பட்டு, மூழ்கி எடுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அரசு வரியை 6 விழுக்காடாகக் குறைத்தது.

எதிர்த்திசையில் சென்றது எது? மஞ்சள்! 2020-இல் இலங்கை அரசு தன் உழவரைக் காக்கவும் செலாவணியை மிச்சப்படுத்தவும் மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தது. அன்றாடக் கறிக்குரிய பொருளின் விலை கிலோவிற்கு ஆயிரக்கணக்கான இலங்கை ரூபாயாக ஏறிற்று. கலப்படம் மிகுந்தது. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மஞ்சள் மூட்டைகள் படகேறின. மதீனாவின் கோதுமைக்கு உமர் (ரலி) அவர்கள் காட்டிய சலுகையை இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. 1970 முதல் 1977 வரை இலங்கை இறக்குமதியைக் கடுமையாக ஒடுக்கியபோது, யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய உழவர் நல்விலை பெற்று வாழ்ந்தனர். 1977-க்குப்பின் சந்தை திறந்ததும் அவர்கள் நலிந்தனர். ஆகவே காப்பு வரி எக்காலத்தும் தீது என்பது என் கருத்தன்று. உள்நாட்டில் விளைவிக்க இயன்றதற்கு, விளைச்சல் பெருகும் வேகத்தை அளந்து இடப்படும் அளவான காப்பு பயன்தரும். தேவை குறையாதிருக்க, மாற்றும் இல்லாதிருக்க, திடுமென அடைக்கப்படும் வாயில் வணிகத்தை அழிப்பதில்லை. அதை நேர்மையாளர் கையிலிருந்து பிடுங்கித் துணிந்தவர் கையில் கொடுக்கிறது. வளரும் நாட்டிற்கு இதனால் நேரும் இழப்பு வரிப்பணம் மட்டுமன்று. வரி செலுத்தி விற்கும் வணிகர் விலைப்போட்டியில் தோற்கிறார். பணம் கணக்கில்லாத வழிகளில் ஓடுகிறது. மீன்பிடிப் படகு ஐயத்திற்குரியதாகிறது. தலைமுறைகளாக நாணயத்திற்குப் பேர்பெற்ற கடற்கரைச் சமுதாயத்தின் மீது ஒரு சிலர் செயலால் பழி படிகிறது.

இனி அந்த மாணவரின் வினாவிற்கு வருவோம். அரசு வரம்பு மீறி வரி விதித்தால், அதைக் குறைக்கக் கோருவது குடிமக்களின் உரிமை, அறிந்தோரின் கடமையுங்கூட. ஆனால் இந்நாட்டின் கடவுச்சீட்டில் பயணம் செய்பவர் இந்நாட்டின் சட்டத்திற்கு உடன்பட்டே பயணம் செய்கிறார். உடன்படிக்கையைப் பேணுவது மார்க்கக் கடமை. மறைத்தலும் பொய்யுரைத்தலும் இன்றிக் கடத்தல் இல்லை. பிடிபட்டால் சிறைபுகுபவர் கூலிக்குச் சுமந்த இளைஞரே. சரக்கின் உரிமையாளர் பெயர்கூட அவருக்குத் தெரிவதில்லை. 1974-ஆம் ஆண்டின் காஃபிபோசா சட்டம் விசாரணையின்றித் தடுத்துவைக்கவும் இடம் தருகிறது.

அம்மாணவர் இன்று புறநகர்ப் பகுதி ஒன்றில் சிறு கடை வைத்திருக்கிறார். வரி கட்டியே சரக்கு வாங்குவதால் பக்கத்துக் கடையைவிடத் தம் விலை சற்றுக் கூடுதல் என்று ஒருமுறை சொன்னார். வாடிக்கையாளர் சிலர் அதனால் திரும்பிப் போவதுண்டாம். அவர் தம் கடமையைச் செய்துவிட்டார். அவர் தோற்காதபடி தீர்வையை அளவோடு வைப்பது ஆள்வோரின் கடமை.