மலைநாட்டில் கிறிஸ்து பிறப்பு விருந்து: வான்கோழி சுடுவது எப்படி?



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு முடிந்ததும், குடில் கட்டும் வேலைக்கு நடுவே, யாராவது ஒருவர் என்னிடம் வந்து இந்தக் கேள்வியைக் கேட்பது ஆண்டுதோறும் நடக்கிறது. "சாமி, இந்த வருசம் அன்பியத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு வான்கோழி வாங்கலாம்னு இருக்கோம். வெட்டிக் குழம்பு வைக்காம முழுசா சுடுறது எப்படி?" கோவில் வாசலில் நின்றபடி பாதி சொல்வேன். மீதியை அவர்களே ஊகித்துச் செய்வார்கள். அந்த மீதியில்தான் தவறு நடக்கிறது என்பதால், இம்முறை முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பீர்கள். தோற்றவன் என்ற தகுதிதான். இந்த மலைக்கு வந்த முதல் ஆண்டில் பாடகர் குழுவினர் இருபது பேரைப் பங்கு இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்திருந்தேன். வான்கோழி பொன்னிறமாக, படத்தில் இருப்பதுபோல் வந்திருந்தது. செபம் சொல்லி, கத்தியை எடுத்துத் தொடையை வெட்டினேன். மூட்டருகே சிவப்பாக இரத்தம் கசிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று நாங்கள் எல்லாரும் சாப்பிட்டது முட்டைக் குழம்பு. முட்டைக் குழம்பு நன்றாகவே இருந்தது என்றாலும், வேகாத கோழிக்கறியில் சால்மொனெல்லா, கம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கும் என்பதையும், முதியோரையும் குழந்தைகளையும் அவை மருத்துவமனை வரை கொண்டுபோகும் என்பதையும் பிறகு படித்தபோது எனக்கு வியர்த்தது. வெளித்தோலின் நிறத்தைப் பார்த்து உள்ளே வெந்துவிட்டது என்று நம்பியதுதான் என் பிழை.

எங்கிருந்து வந்தது இந்தப் பறவை?

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோ மக்கள் அதை வீட்டுப் பறவையாக வளர்த்தார்கள். கொலம்பசுக்குப் பிறகே அது கடல் கடந்தது. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கி நாட்டின் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களோ 'இந்தியாவிலிருந்து வந்தது' என்று பொருள்படும் பெயரைச் சொல்கிறார்கள். துருக்கியர்களும் அதை 'ஹிந்தி' என்றுதான் அழைக்கிறார்கள். போர்த்துக்கீசியருக்கு அது 'பெரு'. ஒவ்வொருவரும் அடுத்த நாட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள்!

இந்தியாவில் இதைப் பற்றிய புகழ்பெற்ற பதிவு 1612-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அலுவலர் முக்கரப் கான், கோவாவில் போர்த்துக்கீசியரிடம் வாங்கி வந்த அரிய விலங்குகளில் ஒரு வான்கோழியும் இருந்தது. அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைப் பேரரசர் வியப்போடு தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூரைக் கொண்டு அதை வரையவும் செய்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியை ஔவையாரின் மூதுரையில் நாம் எல்லாரும் பள்ளியில் படித்தோம். அது இதே பறவைதானா என்பது தமிழறிஞர்களுக்கான கேள்வி. நாம் அடுப்பங்கரைக்குப் போவோம்.)

நம் மாநிலத்தில் வான்கோழி பெரும்பாலும் சமவெளியில் வளர்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக் கறுப்பு வகையையும் 'பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை' என்னும் அமெரிக்க இனத்தையும் கலந்து 'நந்தனம் வான்கோழி-1' என்ற வகையை உருவாக்கியது. அந்தச் சிறு வெள்ளை இனத்தின் கதை சுவையானது. 1930-களில் அமெரிக்க வேளாண் துறையினர், சிறிய குடும்பங்களுக்கும் சிறிய அடுப்புகளுக்கும் ஏற்ற சிறிய பறவை வேண்டும் என்றே அதை உருவாக்கினார்கள். நமக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். வீட்டு ஓவனில் நான்கு கிலோவுக்கு மேல் போகாதீர்கள். பத்துப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். விலை அதிகமாகத் தெரிந்தால் வளர்ப்பவர்மீது கோபப்பட வேண்டாம். முட்டை பொரிய 28 நாள்கள் ஆகும். பொரிந்த குஞ்சுக்கு முதல் நாள்களில் தானாகத் தீவனம் எடுக்கச் சரியாகத் தெரியாது. பாலும் அவித்த முட்டையும் ஊட்டி வளர்க்கிறார்கள்.

நம் மலையின் இலைகள்

பறவை சமவெளியிலிருந்து வந்தாலும், அதற்கு மணம் சேர்க்கும் இலைகள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. ஜான் சல்லிவன் காலத்திலிருந்தே ஐரோப்பியக் காய்கறிகள் இங்கே பயிராகின்றன. மெக்ஐவர் 1848-இல் பொறுப்பேற்று உருவாக்கிய உதகை தாவரவியல் பூங்காகூட, அதற்குமுன் ஐரோப்பியர்கள் சந்தா கட்டிக் காய்கறி பெற்ற தோட்டமாகத்தான் தொடங்கியது. ரோஸ்மேரியும் தைமும் இன்று நம் விவசாயிகள் பலர் விற்பனைக்கே வளர்க்கும் பயிர்கள். பங்கு இல்லத்துத் தோட்டத்தில் ஒரு ரோஸ்மேரிச் செடி வேலி போலவே வளர்ந்து நிற்கிறது. ஆடுகூட அதைத் தொடுவதில்லை.

நான்கு கிலோ பறவைக்கு இவை போதும்: உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், தைம் இலை இரண்டு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி ஒரு மேசைக்கரண்டி, சேஜ் கிடைத்தால் ஆறேழு இலை, மலைப்பூண்டு எட்டுப் பல், புதிதாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, ஓர் எலுமிச்சையின் மேல்தோல் துருவல். ரோஸ்மேரியைக் கூட்ட வேண்டாம். அளவு மீறினால் தைலம் குடித்ததுபோல் இருக்கும். காய்ந்த இலைகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், அதுவும் நல்ல உணவுதான். ஆனால் இலைகளின் மணம் கேட்காது.

நான்கு நாள் கணக்கு

உறைந்த பறவை வாங்கினால் 21-ஆம் தேதி இரவே அதை ஃபிரிட்ஜின் அடித்தட்டில், ஒரு தட்டின்மீது வையுங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது மெல்ல இளக வேண்டும். "சாமி, ஊட்டியே ஃபிரிட்ஜ்தானே, திண்ணையில வச்சா போதாதா?" என்று ஒருவர் கேட்டார். போதாது. இரவில் உறைபனி விழலாம். மறுநாள் பகலில் வெயில் ஏறினால் இருபது டிகிரியைத் தொட்டுவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகுகின்றன. நாயும் கீரியும் வேறு இருக்கின்றன.

23-ஆம் தேதி மாலை வயிற்றுக்குழிக்குள் இருக்கும் கழுத்து, ஈரல் ஆகியவற்றை எடுத்துவிட்டு, ஈரம் போகத் துடைத்து, கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் தூள் உப்பை உள்ளும் புறமும் தடவுங்கள். நான்கு கிலோவுக்கு 40 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். அந்த நீரில் கரைந்து மீண்டும் கறிக்குள் போகும். அதனால் நெஞ்சுக்கறி உலர்வது குறைகிறது. தோலும் காய்ந்து மொறுமொறுப்பாகிறது. கடையில் வாங்கிய உறையின்மேல் உப்புநீர் சேர்த்தது என்று எழுதியிருந்தால் இந்த உப்பை விட்டுவிடுங்கள். குழாயடியில் வைத்துப் பறவையைக் கழுவும் பழக்கத்தையும் விடச் சொல்வேன். தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் தட்டுக்கும் காய்கறிக்கும் கிருமியைக் கொண்டுபோகிறது. வீட்டில் அறுத்த பறவை என்றால் கழுவித்தான் ஆக வேண்டும். பிறகு தொட்டியையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

25-ஆம் தேதி காலை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து தூங்கி எழுந்தவர்களுக்கு எட்டு மணி வேலை. அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெயில் இலைகள், பூண்டு, மிளகு, எலுமிச்சைத் துருவல் எல்லாவற்றையும் பிசைந்துகொள்ளுங்கள். கழுத்துப் பக்கமிருந்து விரல்களை மெல்ல விட்டு, தோலைக் கிழிக்காமல் நெஞ்சுக்கறியிலிருந்து பிரியுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வெண்ணெயில் முக்கால் பங்கைத் தோலுக்கு அடியிலும் மீதியை மேலேயும் பூசுங்கள். இலைகளை வெறுமனே தோலின்மேல் தூவினால் அவை கருகிக் கசக்கும், மணம் கறிக்குள் போகாது. வயிற்றுக்குழிக்குள் வெட்டிய வெங்காயம், எலுமிச்சைப் பாதி, மீந்த இலைக் காம்புகள் போதும். சோறோ ரொட்டியோ அடைக்க வேண்டாம். பறவை வெந்த பிறகும் நடுவிலுள்ள அடைப்பு வேகாமல் இருக்கும். தட்டில் ஊட்டி காரட்டையும் வெங்காயத்தையும் பரப்பி, அதன்மேல் பறவையை நெஞ்சு மேலாக வையுங்கள்.

ஓவனை 165 டிகிரியில் சூடாக்கி ஒன்பது மணிக்கு உள்ளே வைத்தால், நான்கு கிலோ பறவை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் தயாராகும். இங்கேதான் இந்தச் சமையலின் முடிச்சு இருக்கிறது. நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும், தொடை தாமதிக்கும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு சக்கையாகிவிடும். ஆகவே தோல் பொன்னிறமானதும் நெஞ்சின்மேல் மட்டும் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் போட்டுவிடுங்கள். கால்கள் திறந்தே இருக்கட்டும்.

வெந்ததா என்று கடிகாரம் சொல்லாது, நிறமும் சொல்லாது. கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அன்பியத்துக்கு ஒன்று இருந்தால் எல்லா வீட்டுக்கும் சுற்றலாம். தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் குத்துங்கள். எந்த இடத்தில் பார்த்தாலும் 74 டிகிரிக்குக் குறையக் கூடாது. தொடை 80-ஐத் தொட்டால் இன்னும் மென்மையாக இருக்கும்.

பிறகு அரை மணி நேரம் அதைத் தொடாதீர்கள். சாறு கறிக்குள் அடங்க அந்த நேரம் வேண்டும். மலைக் குளிரில் ஆறிவிடுமே என்பவர்கள் அலுமினியத் தாளுக்குமேல் ஒரு தடித்த துண்டைப் போடலாம்.

ஓவன் இல்லாத வீடுகளுக்கு

தோட்டத்து லைன் வீடுகளில் ஓவன் ஏது? நம் பங்கில் சிலர் பண்டிகை ரொட்டி வேலை முடிந்த பிறகு பேக்கரிக்காரரிடம் தட்டோடு கொடுத்துச் சுட்டு வாங்குகிறார்கள். விறகு அடுப்பின் செங்கல் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். ஆனால் ரொட்டிச் சூடு வான்கோழிக்கு அதிகம். அது தணிந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள், தெர்மாமீட்டரையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

அதுவும் முடியாதவர்கள் பறவையைத் துண்டுகளாக்கி, அதே வெண்ணெயில் கனமான பாத்திரத்தில் சிவக்க வறுத்து, ஒரு குவளை நீர் விட்டு மூடி, சிறு தீயில் வேகவிடலாம். இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குன்னூரில் அது 94. எவ்வளவு தீயைக் கூட்டினாலும் கொதிநீர் அதற்குமேல் சூடாகாது. எனவே மேட்டுப்பாளையத்து உறவினர் சொன்ன நேரத்தைவிட நால்வழியில் ஒரு பங்கு கூடுதலாக வேகவிட வேண்டும். தொடையும் காலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் கேட்கலாம். நெஞ்சுத் துண்டுகளை முன்னதாகவே எடுத்துவிடலாம். உண்மையைச் சொன்னால், தொடைக்கறி இந்த முறையில்தான் முழுதாகச் சுட்டதைவிட நன்றாக வருகிறது என்பது என் எண்ணம். நடுமேசையில் முழுப் பறவையாக வைக்க முடியாது, அவ்வளவுதான்.

வெட்டும்போது முதலில் கால்களை மூட்டில் பிரித்துவிட்டு, நெஞ்சுக்கறியை எலும்போடு ஒட்டி முழுதாக எடுத்து, குறுக்காகத் துண்டு போடுங்கள். தட்டில் தங்கிய சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் நெய்யை எடுத்துவிட்டு, ஒரு கரண்டி மைதா கரைத்துக் கொதிக்கவைத்தால் ஊற்றிக்கொள்ளக் குழம்பு தயார். காரட்டைப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்துவிடுங்கள். நான் பார்த்தவரை கறியைவிட அதற்குத்தான் போட்டி.

மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாள்களுக்குள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள். எலும்புக்கூட்டையும் அன்றே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள், அதாவது புனித ஸ்தேவான் திருநாளன்று, வெங்காயம், மிளகு, மீதித் தைம் போட்டுக் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். வடிகட்டிய சாற்றில் ஒரு பிடி அரிசி போட்டால் கஞ்சியாகும். பண்டிகை நாளில் வர முடியாத படுக்கை நோயாளிகள் வீட்டுக்கு ஒரு தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோக, அதைவிட வசதியான உணவு எனக்குத் தெரியவில்லை.