சுழல்தண்டு மரையும் வீட்டில் செய்த முகத்தட்டும்

மரக்கடைசலில் நாற்காலிக் கால், கட்டில் கால் போன்ற நீண்ட உருப்படிகளை இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்துக் கடையலாம். கிண்ணம், தாம்பாளம் போன்றவற்றை அப்படிப் பிடிக்க முடியாது. உட்புறத்தைக் குடைய வேண்டியிருப்பதால் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். அதற்கான கருவிதான் முகத்தட்டு. வட்டமான இரும்புத் தட்டு, நடுவில் உள்மரை, சுற்றிலும் திருகாணித் துளைகள். இயந்திரத்தின் சுழல்தண்டு மூக்கில் உள்ள வெளிமரையில் அதைத் திருகி ஏற்றிவிட்டால், கட்டை தண்டோடு சேர்ந்து சுழலும். பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துகிறவருக்கு ஒரு தட்டு போதாது. விலை கொடுத்து வாங்குவதைவிடத் தாமே செய்துகொள்வது கடைசல்காரர்களிடையே பழைய பழக்கம். அதில் கடினமான பகுதி தட்டு அல்ல, மரைதான்.

வில்லும் கயிறும் கொண்டு ஓடிய பழைய கடைசலில் உருப்படி முன்னும் பின்னுமாகச் சுழலும். பின்னோக்கிச் சுழலும்போது மரையில் ஏற்றிய தட்டு தளரப் பார்க்கும். மிதிபலகையும் கனமான சக்கரமும் சேர்ந்து ஒரே திசையில் இடைவிடாமல் சுழற்றும் இயந்திரத்துக்கே மரை மூக்கு இயல்பாகப் பொருந்தும். வெட்டும் உளியின் எதிர்ப்பே தட்டை மேலும் இறுக்கிவிடுகிறது. ஆனால் மரைக்கென்று பொது அளவு எதுவும் அன்று இல்லை. ஒவ்வொரு பட்டறையும் தன்னிடமிருந்த டேப்பை, அதாவது உள்மரை வெட்டும் கருவியைக் கொண்டு மரை போட்டது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800ஆம் ஆண்டையொட்டி மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்திய பிறகுதான், ஒரே மரையைத் திரும்பத் திரும்பத் துல்லியமாக எடுப்பது எளிதாயிற்று.

துல்லியம் வந்ததும் ஒற்றுமை வந்துவிடவில்லை. லண்டனில் அலங்காரக் கடைசல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஹோல்ட்சாப்ஃபெல் நிறுவனத்தின் மூக்கு மரை, அங்குலத்துக்கு 9.45 என்ற விசித்திரமான கணக்கில் இருந்தது. தனக்கென ஒரு மரை வரிசையை அது முன்பே வகுத்துவிட்டது. மாற்றினால் ஏற்கெனவே விற்ற இயந்திரங்களுக்குப் புதிய உறுப்புகள் பொருந்தாமல் போகும். அந்த மரைக்கு வெளியில் நட்டு கிடைக்காது. ஆகவே பாக்ஸ்வுட் போன்ற கெட்டியான மரத்துண்டில் துளையிட்டு, மூக்கின் அளவுக்குச் செய்த டேப்பால் உள்மரை வெட்டி, பிடிப்பான்களை மரத்திலேயே செய்துகொள்வார்கள். இன்றைய வீட்டுத் தயாரிப்பு முகத்தட்டின் முன்னோடி இதுவே.

1841இல் ஜோசப் விட்வொர்த், இங்கிலாந்தின் முக்கியப் பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் சராசரியை வைத்து ஒரு பொது மரை முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. உச்சியும் அடியும் உருண்டவை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் ஃபிலடெல்பியாவில் வேறொரு முறையைச் சொன்னார்: 60 பாகை, தட்டையான உச்சி. சாதாரணத் தொழிலாளியும் எளிதில் செய்யக்கூடியது என்பது அதற்கான வாதம். ஒரு அங்குல விட்டத்துக்கு இரண்டு முறைகளிலும் அங்குலத்துக்கு 8 மரை. அரை அங்குலத்துக்கோ ஒன்றில் 12, மற்றதில் 13. எண்ணிக்கை ஒத்துப்போகிற இடத்திலும் கோணம் ஒத்துப்போகாது. நட்டு ஏறியது போலிருக்கும், ஆனால் மரையின் முழுப் பக்கமும் ஒன்றோடொன்று படியாது. ஏறாத நட்டைவிட இப்படி அரைகுறையாக ஏறும் நட்டுதான் ஆபத்து. இந்தப் பிளவுக்கு முடிவு தேடி, பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 60 பாகை கொண்ட பொது மரைக்கு 1948இல் ஒப்புக்கொண்டன.

கடைசல் இயந்திரம் செய்தவர்கள் அதற்குள் தத்தம் வழியில் வெகுதூரம் போயிருந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்கு வந்த சிறிய இயந்திரங்கள் பலவற்றில் முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 மரை. நடுத்தரமானவற்றில் ஒரு அங்குலத்தில் 8. பெரியவற்றில் ஒன்றேகால் அங்குலத்தில் 8. பிரிட்டனின் மைஃபோர்டு எம்எல்8 ஒரு அங்குலத்தில் 12 மரை கொண்டது. ஹாரிசன் கிராஜுவேட் ஒன்றரை அங்குலத்தில் 6. அமெரிக்க அளவுகளில் முதல் இரண்டும் வீட்டில் செய்பவருக்குக் கிடைத்த வரம். அவை அமெரிக்கக் கடைகளில் விற்கும் சாதாரண நட்டின் அளவுகளே. நட்டை வாங்கி இரும்புத் தகட்டில் பற்றவைத்தால் தட்டு தயார். ஒன்றேகால் அங்குலத்துக்கு அந்த வசதி இல்லை: கடை நட்டில் 7 மரையோ 12 மரையோதான் இருக்கும். தேடி அலைந்து பயனில்லை. டேப்போ லேத்தோ வேண்டும்.

அளவு பார்க்கும் முறை நூறு ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. மூக்கின் வெளிவிட்டத்தை வெர்னியரால் எடுப்பது, மரை அளவியின் பற்களை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பது. அளவி இல்லாவிட்டால் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை உச்சி என்று எண்ணுவார்கள். இரண்டு மூன்று மரைக்குள் நட்டு இறுகினால் பிட்ச், அதாவது மரைகளின் இடைவெளி, வேறு என்று பொருள். சுழல்தண்டைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் வெளிப்புறத்தில் இரண்டாவது மூக்கு இருந்தால் அது பெரும்பாலும் இடதுமரையாக இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தண்டு எதிர்த்திசையில் சுழல்வதே காரணம். மரையை லேத்தில் வெட்டுகிறவர்கள், அங்குல லீடு ஸ்குரூ (உளியை நகர்த்தும் நீண்ட திருகு) கொண்ட லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் சக்கரம் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதைப் பின்னமில்லாத பல் எண்ணிக்கையாக்க ஐந்தால் பெருக்கியாக வேண்டும்.

டேப் கிடைக்காதவர்கள் பொருந்தும் போல்ட்டையே டேப்பாக்கினார்கள். முனையைச் சற்றுக் கூராக்கி, நீளவாக்கில் மூன்று நான்கு பள்ளங்கள் அறுத்தால் வெட்டும் விளிம்பு கிடைத்துவிடும். இரும்புக்கு அது போதாது, கடின மரத்துக்குப் போதும். மெல்லிய பசையைத் துளைக்குள் ஊறவிட்டுக் காய்ந்தபின் மறுபடி டேப் ஓட்டினால் மர மரை கெட்டிப்படும்.

புதிதாகச் செய்கிறவர்கள் மரை எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு ஆட்டமில்லாமல் தட்டு ஓடும் என்று எண்ணிவிடுகிறார்கள். மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. தட்டை நேராக நிறுத்துவது மரைக்குப் பின்னாலுள்ள தோள்பட்டை. தட்டின் பின்முகம் அதில் முழுவதும் படிய வேண்டும். அதற்காக உள்மரையின் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள். தட்டைத் தண்டில் ஏற்றி, அதே இயந்திரத்தில் முன்முகத்தையும் விளிம்பையும் கடைந்துவிட்டால் மிச்சமிருக்கும் கோணலும் போய்விடும். மரை சற்றுத் தளர்வாக இருந்தாலும் தட்டு நன்றாக ஓடுவதன் ரகசியம் இதுதான்.

ஜெர்மனியின் டிஐஎன் 800 தரத்தில் இடம்பெற்ற 33 மில்லிமீட்டர் விட்டமும் 3.5 மில்லிமீட்டர் பிட்ச்சும் கொண்ட மரை இன்று ஐரோப்பிய இயந்திரங்களில் பரவலாக உள்ளது. பழைய அளவுகளும் ஒழியவில்லை; இடையில் மாட்டும் அடாப்டர்கள் விற்கின்றன. ஆனால் ஒவ்வொரு அடாப்டரும் உருப்படியைத் தாங்கியிலிருந்து மேலும் தள்ளி நிறுத்தி அதிர்வைக் கூட்டும். சிறிய கிண்ணத்துக்கு மரத்தில் மரை போட்ட தட்டே போதும். கனமான, எடை சமன்படாத கட்டைக்கு இரும்புத் தட்டுதான் ஏற்றது.