நாணற்காட்டில் ஒரு சாட்சி

இங்கிலாந்தின் கிழக்கே நார்போக் பிரதேசத்தில் ஆழமில்லாத ஏரிகளும் அவற்றைச் சூழ்ந்த நாணற்காடுகளுமாக மைல் கணக்கில் பரந்து கிடக்கின்றன. அங்கே வாழும் பட்சிகளில் ‘பிட்டர்ன்’ என்று ஒன்று. நம் ஏரிக் கோரைகளில் ஒளிந்து திரியும் குருகுக்கு அது பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆபத்து என்று கண்டால் லேசில் பறக்காது. கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்கு நேரே தூக்கி, நாணலோடு நாணலாக நின்றுவிடும். காற்றில் நாணல் அசைந்தால் அதுவும் அசையும். ஆண் பறவையின் குரல் மட்டும், காலிச் சாடியின் வாயில் ஊதினாற்போல், இரண்டு மூன்று மைல் தூரம் கேட்கும். குரலைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஆளைக் கண்டவர்கள் சொற்பம்.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நாட்டில் அதன் வம்சம் அற்றுப் போயிற்று. சதுப்பை வடித்து வயலாக்கினார்கள். அது ஒரு காரணம். மற்றது துப்பாக்கி. சாப்பாட்டுக்காகச் சுட்டதைக்கூட மன்னித்துவிடலாம். பறவைகளிடம் பிரியம் உள்ளவர்கள் சுட்டதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அபூர்வமான பறவை ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னால் அந்தக் காலத்தில் நம்பமாட்டார்கள். உடலைக் கொண்டுவந்து மேஜைமேல் போட வேண்டும். பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகுதான் அது உண்மை. பறவை அருக அருக அதன் விலையும் ஏறிற்று.

காமிரா வந்துதான் இந்த வழக்கத்தை அசைத்தது. ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-ல் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தார்கள். பிறகு பொம்மை மாடு ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் நின்றபடி பறவைகளை நெருங்கினார்கள். ரிச்சர்டைச் சந்தித்த பிறகு இந்தப் பித்துப் பிடித்துக்கொண்டவர் எம்மா லூயிசா டர்னர் என்ற அம்மாள். 1904-ல் லின்னேயன் சங்கம் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவர்களில் இவரும் ஒருவர். ஹிக்லிங் ஏரியில் ஒரு படகு வீட்டை நிறுத்தி, அதற்கு ஒரு சதுப்புப் பறவையின் பெயரையே சூட்டி, அதில் தங்கி வேலை செய்தார். கனத்த காமிரா, கண்ணாடித் தகடுகள், காலுக்கடியில் சேறு. ஒரு தகட்டுக்கு ஒரே படம்.

1911 ஜூலையில், ஜிம் வின்சென்ட் என்ற ஏரிக் காவலரோடு நாணலுக்குள் தேடியபோது, இன்னும் பறக்கத் தெரியாத பிட்டர்ன் குஞ்சு ஒன்று அகப்பட்டது. அப்பன் பாட்டன் வழக்கப்படியே அதுவும் அலகைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. மனிதக் கண்ணை ஏமாற்றும் அந்த நிலை, அந்தக் காலத்து மந்தமான தகடுகளுக்கு எவ்வளவு சௌகரியம்! படம் விழுந்தது. பிட்டர்ன் திரும்பி வந்து பிரிட்டனில் குஞ்சு பொரிக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சியாயிற்று. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

பறவை பெருகிற்று, மறுபடி தேய்ந்தது. 1997-ல் பிரிட்டன் முழுவதிலும் கூவிய ஆண் பறவைகள் பதினொன்றே. நாணற்காடுகளைச் செப்பனிட்ட பிறகு, 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தொகை இருநூறை எட்டியது. இந்தக் கணக்குகளைக் கண்ணால் எடுப்பதில்லை. விடியற்காலையில் கரையில் நின்று, எத்தனை சாடிகள் ஊதுகின்றன என்று காதால் எண்ணுகிறார்கள்.